அடாஸ் என்றால் என்ன? நம்ம ஊர் ரோட்டில் அது எதுவரை உதவும்?

நாகர்கோவிலில் கார் வாங்க ஷோரூமுக்குள் நுழைந்தால் முன்பெல்லாம் மைலேஜ் கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். இப்போது "லெவல் டூ அடாஸ் இருக்கு சார்" என்பது முந்திக்கொள்கிறது. கேட்கிறவரும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பையனிடம் விசாரிப்பார். பையன் ஒரு வீடியோவைக் காட்டுவான். அதில் யாரோ ஒருவர் அகலமான எக்ஸ்பிரஸ்வேயில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துவிட்டுக் கார் தானாகவே ஓடிவிடும் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம். "மார்த்தாண்டம் சந்தையில வந்து ஓடச் சொல்லு பார்ப்போம்" என்று சிரிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே அவசரப்படுகிறார்கள்.

அட்வான்ஸ்டு டிரைவர் அசிஸ்டன்ஸ் சிஸ்டம்ஸ் என்று நீட்டி முழக்குவதன் சுருக்கம்தான் அடாஸ். இது ஒரே ஒரு கருவி இல்லை, பல வசதிகள் சேர்ந்த தொகுப்பு. இதற்குப் பக்கத்தில் வரக்கூடிய சில விஷயங்கள் உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கலாம். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒரு பீப், 120ஐத் தாண்டினால் நிற்காத பீப், ரிவர்ஸ் எடுக்கும்போது மதில் நெருங்கினால் ஒரு கூச்சல், பெல்ட் போடாவிட்டால் இன்னொரு கூச்சல். இவையெல்லாம் 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்குக் கட்டாயமாகிவிட்டன. ஆனால் இவை கத்துவதோடு சரி. அடாஸ் அதோடு நிற்காமல் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொடுகிறது. அதனால்தான் அதைக் கொஞ்சம் புரிந்துகொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது.

முதலில், கார் எப்படிப் பார்க்கிறது? உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியோடு ஒட்டிய மாதிரி ஒரு சின்னக் கேமரா இருக்கும். முன் பம்பருக்கு உள்ளேயோ கம்பெனி சின்னத்துக்குப் பின்னாலேயோ ஒரு ரேடார் இருக்கும். பம்பரில் பொட்டு வைத்ததுபோல் தெரியும் வட்டங்கள் அல்ட்ராசோனிக் சென்சார்கள். அவை சில மீட்டர் தூரத்துக்குத்தான் உதவும், பார்க்கிங் வேலைக்கு அது போதும். சில கார்களில் பின் பம்பரின் இரண்டு ஓரத்திலும் கூடுதல் ரேடார்கள் உண்டு. லைடார் என்று லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் இன்னொரு கருவியும் இருக்கிறது. அமெரிக்காவில் டிரைவரே இல்லாமல் டாக்ஸி ஓட்டும் வேமோ கார்களின் தலையில் சுற்றுவது அதுதான். நம்ம ஊர் ஷோரூமில் நிற்கும் கார்களில் அதைத் தேட வேண்டாம்.

கேமராவும் ரேடாரும் ஒன்றின் குறையை மற்றொன்று மூடும். ரேடார் ஏறக்குறைய 77 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பி, எதிரில் பட்டுத் திரும்பி வருவதை அளக்கிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தில் இருந்து தூரம் தெரியும். அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதில் இருந்து அந்தப் பொருள் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதும் தெரிந்துவிடும். இருட்டோ பனியோ அதற்குப் பெரிய பொருட்டில்லை. ஆனால் எதிரில் இருப்பது என்ன என்று சொல்ல ரேடாருக்கு அவ்வளவாக வராது. அது கேமராவின் வேலை. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு, முன்னால் போகும் வண்டியின் உருவம், நடந்து போகிறவர், வேக எல்லைப் பலகை எல்லாவற்றையும் அடையாளம் காண்பது கேமராதான். ரேடாரே வைக்காமல் கேமராவை மட்டும் நம்பும் கார்களும் உண்டு. இந்தியாவில் விற்கும் ஹோண்டா சிட்டி, அமேஸ் கார்கள் அப்படிப்பட்டவை.

கேமராவில் விழும் படத்தில் எது லாரி, எது மனிதன் என்று கண்டுபிடிப்பதில்தான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. "நான்கு சக்கரம், பின்னால் சிவப்பு விளக்கு இருந்தால் லாரி" என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. லட்சக்கணக்கான படங்களைக் காட்டி, ஒவ்வொன்றிலும் எது என்ன என்று குறித்துக் கொடுத்து, மென்பொருளைப் பழக்கியிருக்கிறார்கள். பழக்கிய படங்கள் எந்த ஊர் ரோட்டில் எடுத்தவை என்பது இங்கே முக்கியம். ஜெர்மனியின் ரோட்டை மட்டும் பார்த்து வளர்ந்த மென்பொருளுக்கு ஆட்டோ ஒரு புதிர். அதனால்தான் ஹைதராபாத் ஐஐஐடி 2018இல் ஹைதராபாத், பெங்களூரு ரோடுகளிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் எடுத்த சுமார் 10,000 படங்களைக் குறித்து, ஆராய்ச்சியாளர்களுக்கென்று ஒரு தரவுத்தொகுப்பாக வெளியிட்டது. அதில் ஆட்டோவுக்குத் தனி வகை, விலங்குகளுக்குத் தனி வகை, ரோட்டோர மண் தரைக்குக்கூடத் தனி வகை உண்டு. வாழைக்குலையைக் குறுக்காகக் கட்டி ஒருவர் டிவிஎஸ் 50இல் போவதை இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேமரா எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது காருக்குக் கார் மாறும். மாடு, நாய், ஆடு விஷயத்தில் எந்தக் காரையும் நான் நம்பமாட்டேன்.

பார்த்தாயிற்று, அப்புறம் கணக்கு. ஆரல்வாய்மொழி பக்கம் நீங்கள் 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு டாரஸ் லாரி பாரத்தோடு 40இல் ஊர்கிறது. 80 என்றால் நொடிக்கு 22 மீட்டர், 40 என்றால் 11 மீட்டர். ஆக, இடைவெளி ஒவ்வொரு நொடியும் 11 மீட்டர் குறைகிறது. இடைவெளி 55 மீட்டர் இருந்தால், யாரும் எதுவும் செய்யாவிட்டால், 5 நொடியில் மோதல். இந்த "இன்னும் எத்தனை நொடி" என்ற எண்ணைத்தான் கார் ஒரு நொடிக்குள் பல தடவை போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எண் ஓரளவு குறைந்ததும் திரையில் சிவப்பாக எழுதிக் கத்தும். நீங்கள் இன்னும் பிரேக்கைத் தொடவில்லை, ஸ்டியரிங்கையும் திருப்பவில்லை என்றால், கடைசிக் கட்டத்தில் தானே பிரேக் போடும். தானியங்கி அவசர பிரேக் என்பது இதுதான்.

மனிதனுக்கு ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒரு நொடி, ஒன்றரை நொடி ஆகிவிடும். 80இல் ஒரு நொடி என்பது ஒரு நெட்டைத் தென்னையின் உயரத்துக்கு வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது. போனை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் இன்னும் இரண்டு தென்னை. அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கருவிக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முடிவெடுத்த பிறகு காலும் கையும் வேண்டுமே? அவை புதிதாக வந்தவை இல்லை என்பதுதான் சுவாரஸ்யம். அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வைத்தது. 1995இல் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் என்ற இஎஸ்சி வந்தது. ஸ்டியரிங்கை நீங்கள் எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இரண்டையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி சறுக்குகிறது என்று அர்த்தம். உடனே நான்கில் ஏதோ ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை இழுத்து நேர்படுத்தும். இந்த வேலைக்காக அதனிடம் ஒரு பம்ப் இருக்கிறது, நீங்கள் பெடலைத் தொடாமலே பிரேக் ஆயிலில் அழுத்தம் ஏற்ற அதால் முடியும். அடாஸ் பிரேக் போடும்போது கூப்பிடுவது பெரும்பாலும் அந்தப் பம்பைத்தான். ஸ்டியரிங்கைத் திருப்புவது பவர் ஸ்டியரிங்கின் மின்மோட்டார். இவை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1986இல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் என்ற வயரிங் முறை காருக்குள் ஓடுகிறது.

என்னைக் கேட்டால், நம்ம மாவட்டத்துக்கு அடாஸைவிட இந்த இஎஸ்சிதான் முதல் தேவை. தென்மேற்குப் பருவமழை ஒரு தடவை, வடகிழக்கு ஒரு தடவை என்று வருஷத்தில் பாதி நாள் ரோடு நனைந்து கிடக்கிறது. குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகும் ரோட்டில் ரப்பர் இலை உதிர்ந்து, அதன் மேல் ஒரு தூறல் விழுந்து, அதில் ஒரு வளைவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அங்கே பைக் ஓட்டியவர்களைக் கேளுங்கள். ஷோரூமில் சன்ரூஃபைத் திறந்து காட்டுவார்கள், இஎஸ்சியைக் காட்ட முடியாது. அதனால் யாரும் கேட்பதில்லை.

சரி, லெவல் டூ என்றால்? அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு 2014இல் ஒரு தரவரிசை போட்டது, 0 முதல் 5 வரை. லெவல் 1இல் கார் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கவனிக்கும், ஒன்று வேகம் அல்லது ஸ்டியரிங். லெவல் 2இல் இரண்டையும் சேர்த்துச் செய்யும், ஆனால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பொறுப்பு ஏற்க வேண்டியது நீங்கள்தான். லெவல் 3இல் குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில் மட்டும் காரிடம் பொறுப்பை விடலாம், அது கூப்பிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஜப்பானில் 2021இல் ஹோண்டா லெஜண்ட் அப்படி வந்தது. லெவல் 4 என்பது வேமோ டாக்ஸி மாதிரி, குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள் டிரைவரே வேண்டாம். லெவல் 5 எந்த ரோட்டிலும் எந்த மழையிலும் ஓடும், அப்படி ஒன்று இன்னும் உலகத்தில் இல்லை. 2021இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700 வந்த பிறகு இங்கே பரவலாகப் பேசப்பட்ட அடாஸ், 2024 டிசம்பரில் வந்த புது அமேஸ் வரை இறங்கிவிட்டது. எல்லாமே லெவல் 2க்குள்தான். விபத்து நடந்தால் "கார்தான் ஓட்டியது" என்று போலீஸிடம் சொல்லித் தப்பிக்க முடியாது.

இப்போது நம்ம ரோட்டுக்கு வருவோம். நாகர்கோவிலில் இருந்து தோவாளை, முப்பந்தல் தாண்டி, காவல்கிணறு போய் நான்குவழிச் சாலையில் ஏறினால் அடாஸுக்குக் கொண்டாட்டம். ஸ்ரீநகர் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 அது. நடுவில் தடுப்பு, தெளிவான கோடுகள். அடாப்டிவ் குரூஸில் 90 என்று வைத்துவிட்டால் முன்னால் வண்டி இல்லாதபோது 90இல் போகும், வண்டி வந்தால் இடைவெளி விட்டு அதன் வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். மதுரை போய்ச் சேரும்போது வலது கால் வலிக்காது. காற்றுக் காலத்தில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும், வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். லேன் கீப் அசிஸ்ட் கேமராவில் கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கை லேசாகத் திருத்திக்கொண்டே வரும்போது அந்த இடத்தில் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

அதே காரை நாகர்கோவிலில் இருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்கு ஓட்டிப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 66 என்று பெயர். ஆனால் கடை வாசலும் பஸ் ஸ்டாப்பும் சந்தையும் எல்லாம் அந்த ரோட்டின் மேல்தான். கோடு சில இடத்தில் பளிச்சென்று இருக்கும், சில இடத்தில் தேய்ந்து போயிருக்கும், சில இடத்தில் பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்து தெரியும். கேமராவுக்குக் கோடு தெரியாவிட்டால் லேன் கீப் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும். டாஷ்போர்டில் ஒரு பச்சைக் கோடு சாம்பல் நிறமாக மாறும், அவ்வளவுதான் அறிவிப்பு. அதைக் கவனிக்காமல் கார் பிடித்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டால் ஆபத்து.

இன்னொரு தொல்லை நேர் எதிரானது. நின்றுகொண்டிருக்கும் மினி பஸ்ஸைச் சுற்றிப் போகக் கொஞ்சம் வலதுபக்கம் ஒடிக்கிறீர்கள், இண்டிகேட்டர் போடவில்லை. நாம் எப்போது போட்டோம்? காருக்கு அது, டிரைவர் தூங்கி வழிந்து கோட்டைத் தாண்டுகிறார் என்றுதான் தெரியும். ஸ்டியரிங்கை இடதுபக்கம், அதாவது பஸ்ஸை நோக்கி, இழுக்கும். "வண்டி பேய் பிடிச்ச மாதிரி இழுக்குது அண்ணே" என்று புதுக் கார் வாங்கியவர்கள் புலம்புவதில் பாதி இதுதான். இழுவை ஒன்றும் பலமானது இல்லை, கையால் மீறித் திருப்பிவிடலாம். இண்டிகேட்டர் போட்டால் அந்த இழுப்பே வராது. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியபோது யாரும் வற்புறுத்தாத பழக்கத்தை ஒரு மென்பொருள் வந்து வற்புறுத்துகிறது.

அவசர பிரேக்கிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. முன்னால் இருக்கும் இடைவெளியில் ஒரு ஸ்கூட்டர் சட்டென்று நுழையும். நமக்குத் தெரியும், அது நுழைந்த வேகத்திலேயே வெளியேயும் போய்விடும் என்று. காருக்கு அந்தப் பழக்கவழக்கம் தெரியாது, பிரேக்கை அழுத்தும். மலைப்பக்கத்து வளைவுகளில், எதிரில் தன் பாதையில் ஒழுங்காக வருகிற வண்டியை நம் பாதையில் நிற்பதாக நினைத்தும் சில நேரம் கத்தும். பின்னால் வருகிறவர் ஒட்டிக்கொண்டே வருகிற வழக்கம் நம்மிடம் இருப்பதால், காரணமில்லாத பிரேக் ஒன்று பின்னால் மோதலில் முடியலாம். இருந்தாலும் நான் இதை அணைத்து வைக்கச் சொல்லமாட்டேன். எப்போது வேலை செய்ய வேண்டும் என்ற உணர்திறனைப் பல கார்களில் மூன்று நிலையில் மாற்றிக்கொள்ளலாம். ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் தாமதமாக எச்சரிக்கும் நிலையில் வைத்துக்கொண்டால் தொல்லை குறையும்.

பராமரிப்பு விஷயத்தில் நம்ம ஊருக்கென்றே சில சங்கடங்கள். புது வண்டிக்குப் பூஜை போட்டு, தோவாளைப் பூவில் கனமாக ஒரு மாலையை முன்பக்கம் சாத்துகிறோம். ரேடார் அலை பிளாஸ்டிக் பம்பரை ஊடுருவிவிடும், ஆனால் தண்ணீர் அதை விழுங்கும். ஈரப் பூமாலையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கிளம்பும் முன் கழற்றி டாஷ்போர்டில் வைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. முன் கண்ணாடியில் கேமராவுக்கு நேராகச் சந்தனம், ஸ்டிக்கர், தொங்கும் பொம்மை எதுவும் வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குக் கண்ணாடியில் உப்புப் படலம் படியும், சாயங்கால வெயில் அதில் பட்டால் கேமராவுக்கும் நமக்கும் சேர்ந்தே கண் கூசும். முன்னால் இரும்புக் கம்பி கார்டு மாட்டினால் ரேடார் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கார்டுகளை மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. டாரஸில் இருந்து ஜல்லி தெறித்துக் கண்ணாடி விரிசல் விட்டால், வெளியில் சாதாரணக் கண்ணாடிக் கடையில் மாற்றிவிட்டு வந்துவிடக் கூடாது. கேமரா ஒரு டிகிரி சாய்ந்தாலும் 50 மீட்டர் தூரத்தில் கணக்கு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தவறும். மாற்றியதும் கேமராவின் பார்வையை அளந்து சரிசெய்யும் கேலிப்ரேஷன் செய்ய வேண்டும். இன்சூரன்ஸில் அதற்கான செலவும் சேருமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

கொட்டும் மழையில் என்ன ஆகும்? வைப்பர் முழு வேகத்தில் அடித்தும் உங்களுக்கே ரோடு தெரியாதபோது கேமராவுக்கும் தெரியாது. "முன் கேமரா மறைக்கப்பட்டுள்ளது" என்பது போல் ஒரு செய்தி போட்டுவிட்டுப் பல வசதிகள் நின்றுவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் லீவு போடுகிறதே என்று தோன்றும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத வரை எனக்கு அதில் வருத்தமில்லை.

மேப் அப்படி இல்லை. அதற்குத் தயக்கம் என்பதே கிடையாது. ரோட்டில் போகும் போன்கள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்பதை வைத்துத்தான் கூகுள் மேப் நெரிசலைக் கணிக்கிறது. தக்கலையில் வண்டிகள் நின்றுவிட்டால் உடனே ஒரு குறுக்குவழி காட்டும். அது சில நேரம் ஏதாவது ஒரு சானல் கரை ரோடாக, அதாவது பாசனக் கால்வாய்க் கரை ரோடாக இருக்கும். எதிரில் ஒரு ஆட்டோ வந்தாலே யார் ரிவர்ஸ் எடுப்பது என்று பேச்சுவார்த்தை நடக்கும், ஒரு பக்கம் தண்ணீர், தடுப்புச் சுவர் கிடையாது. அந்த ரோடு எத்தனை மீட்டர் நீளம் என்பது மேப்புக்குத் தெரியும், இரண்டு கார் விலக முடியுமா என்பது தெரியாது. 2023 அக்டோபரில் கேரளத்தில் கோதுருத்து பக்கம், இரவு மழையில் மேப்பைப் பார்த்து வந்ததாகச் சொல்லப்பட்ட கார் ஆற்றுக்குள் போய் இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தார்கள். பழக்கமில்லாத ரோட்டில், ராத்திரி, மழை என்றால் பெட்டிக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது இன்றைக்கும் நல்ல வழிதான்.

விலை கொடுத்து வாங்கும்போது எதற்குக் கொடுக்கலாம்? பக்கவாட்டில் தெரியாத இடத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் விளக்கு எரியும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், இரண்டு பக்கமும் பைக் முந்துகிற ஊர் இது. வீட்டு வாசலில் இருந்து ரிவர்ஸில் நேராக ரோட்டுக்கு வருகிறவர்களுக்குக் குறுக்கே வரும் வண்டியைச் சொல்லும் ரியர் கிராஸ் டிராஃபிக் எச்சரிக்கை நல்லது. எதிர் வண்டியைக் கண்டதும் தானாக டிம் அடிக்கும் ஹை பீம் அசிஸ்ட் நமக்கு உதவுவதைவிட எதிரில் வருகிறவருக்கு உதவும். உண்மையில் இவை முதலில் வர வேண்டியது கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளிலும் பஸ்களிலும்தான். அவற்றின் இடதுபக்கம் ஒரு பைக்காரர் நின்றால் டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூம்காரர்கள் பக்கத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கூட்டி வந்துவிடுவார்கள். ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு தடவை, செட்டிகுளம், வடசேரி நெரிசலில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். லேன் கீப்பை அணைக்கும் பட்டன் ஸ்டியரிங்கிலேயே இருக்கிறதா, இல்லை திரைக்குள் நான்கு மெனு தாண்டிப் போக வேண்டுமா என்றும் பாருங்கள். பல கார்களில் நீங்கள் அணைத்து வைத்தாலும் அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போது அது தானாகத் திரும்ப ஆன் ஆகிவிடும்.